பதினாறு இலையும் ஒரு வழுக்கை அம்மியும்

ஓணத்துக்கு எங்கள் வீட்டில் பதினாறு இலை என்று ஆகஸ்ட் கடைசியிலேயே முடிவாகிவிட்டது. 2025-ல் திருவோணம் செப்டம்பர் 5, வெள்ளிக்கிழமை. அன்றைக்கே மீலாது நபியும் வந்ததால் அரசு விடுமுறை, அதற்கு அடுத்து சனி, ஞாயிறு. மூன்று நாள் சேர்ந்து கிடைத்தால் எங்கள் ஆட்கள் எந்த ஊரில் இருந்தாலும் ராத்திரி வண்டி பிடித்து நாகர்கோவிலில் வந்து இறங்கிவிடுவார்கள். நாங்கள் நான்கு பேர், என் வீட்டுக்காரரின் அம்மாவான மாமி, கொழுந்தன் வீட்டில் நான்கு, நாத்தனார் வீட்டில் நான்கு, சின்ன மாமாவும் அவர் வீட்டம்மாவும், அப்புறம் அடுத்த வீட்டில் தனியாக இருக்கிற ஓய்வுபெற்ற டீச்சர். எண்ணிப் பார்த்தால் பதினாறு சரியாக வரும்.

வெளியூரில் சொன்னால், தமிழ்நாட்டில் ஓணமா என்று கேட்பார்கள். எங்கள் கன்னியாகுமரி மாவட்டமாக ஆன தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாவும் 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தவை. எல்லைக்கோட்டை மாற்றிப் போட்டார்கள், இலையில் என்ன விளம்புவது என்பதை யாரும் மாற்றவில்லை. தக்கலைப் பக்கம் இருக்கிற எங்கள் வீட்டில் பொங்கலுக்கு எவ்வளவு மெனக்கெடுவோமோ அதே அளவு ஓணத்துக்கும் மெனக்கெடுவோம். அவ்வளவுதான் விஷயம்.

முதல் சங்கடம் ஓணத்துக்கு முந்தினநாள், உத்திராடத்தன்று ராத்திரியே வந்தது. தண்ணீர் மோட்டார் சுவிட்சைப் போட்டால் 'ம்ம்ம்' என்று முனகுகிறது, சுற்றவில்லை. கெப்பாசிட்டர் போய்விட்டால் இப்படித்தான். மோட்டாருக்கு முதல் உந்து கிடைக்காது, அப்படியே விட்டால் சூடேறிக் காயிலும் கருகிவிடும். இவருக்கு அது தெரியும். இரண்டு வாரமாகவே அது தயங்கித் தயங்கித்தான் ஓடிக்கொண்டிருந்தது, "ஓணம் கழியட்டும், பாக்கலாம்" என்று இவர் சொல்லிக்கொண்டிருந்தார். மேல்தொட்டியில் பாதித் தண்ணீர் இருந்தது. பதினாறு பேர் குளித்து எழுந்தால் அது எந்த மூலைக்கு? சரி, கிணறு இருக்கிறது, கப்பியும் இருக்கிறது, கயிறு மட்டும் வெயிலில் கிடந்து முறுக்குவிட்டுப் போயிருந்தது. ராத்திரி பத்து மணிக்குக் கொழுந்தனும் இவரும் டார்ச் அடித்துக்கொண்டு புதுக்கயிறு கட்டியதைப் பார்க்கும்போது, இதோடு போகட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

காலையில் ஐந்து மணிக்கு அடுக்களைக்குள் போனேன். இஞ்சிக்கறியும் நார்த்தங்காயும் முந்தினநாளே ஆகிவிட்டன. ஏத்தங்காய் உப்பேரியும் சர்க்கரைப் பிரட்டியும் கடையில் வாங்கியது. மீதி எல்லாம் அன்றைக்குத்தான், அந்த மீதியில் பெரும்பங்கு தேங்காய். ஓண விருந்து என்பதை நான் காய்கறிக் கணக்கில் பார்ப்பதில்லை, தேங்காய்க் கணக்கில்தான் பார்ப்பேன். அவியலுக்கு ஜீரகம், பச்சைமிளகாய், மஞ்சள் சேர்த்து ஒன்றிரண்டாக அரைத்த தேங்காய் வேண்டும். புளிசேரிக்கு அதே தேங்காய் வெண்ணெய்போல அரையவேண்டும். துவரனுக்கு ஒரு சதைப்பு சதைத்தால் போதும். எரிசேரிக்குப் பாதி அரைத்தது, பாதி சிவக்க வறுத்து மேலே போடுவது. தீயலுக்குக் கறுக்கும் பதம்வரை வறுத்து, கொத்தமல்லியும் வத்தலும் சேர்த்து, எண்ணெய் விட்டு வரும்வரை அரைக்கவேண்டும். ஓலனுக்குப் பால். அடைப்பிரதமனுக்கு மூன்று தரம் பிழிந்த பால், மூன்றும் தனித்தனியாக. மொத்தம் பன்னிரண்டு தேங்காய். திருவி முடித்தபோது ஆறே கால்.

புளிசேரி அரைப்பை முதலில் மிக்ஸியில் போட்டு எடுத்தேன். அன்றைக்கு அந்த மிக்ஸி முழுதாகச் செய்து கொடுத்த ஒரே வேலை அதுதான். அடுத்துத் தீயல். வறுத்த தேங்காயைத் தண்ணீர் விடாமல் அரைத்தால்தான் எண்ணெய் பிரிந்து வரும், தண்ணீர் விட்டால் சாந்து சாந்தாக நின்றுவிடும். அதனால் நிறுத்தாமல் ஓட்டினேன். நின்றது. அடியில் இருக்கிற சிவப்புப் பட்டனை அமுக்கிவிட்டு மறுபடி ஓட்டினேன். மறுபடி நின்றது, மறுபடி அமுக்கினேன். மோட்டார் சூடாகிவிட்டது, கொஞ்சம் விடு என்று சொல்லத்தான் அந்தப் பட்டனே இருக்கிறது, எனக்கு அது நன்றாகத் தெரியும், தெரிந்தும் மூன்றாவது தரம் ஓட்டினேன். நீலமாக ஒரு புகை வந்தது.

"என்ன மக்ளே, கரிஞ்ச மணம் வருது?" என்று திண்ணையில் இருந்து மாமி கேட்டார்.

தீயலுக்குத் தேங்காய் வறுக்கிறேன் என்று சொன்னேன். பொய் சொன்னேன் என்று சொல்ல முடியாது, காலையில் வறுக்கத்தானே செய்தேன்.

மகனை டீச்சர் வீட்டுக்கு ஓடவிட்டேன். அவர்கள் மிக்ஸியைக் கொண்டுவந்து, பிளக்கைச் செருகி, ஜாரை வைத்து, மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு சுவிட்சைத் திருப்பினேன். சத்தம் இல்லை. இதுவும் போயிற்றா என்று ஒரு நொடி வயிறு கலங்கியது. அப்புறம்தான் மின்விசிறி மெதுவாகிக்கொண்டே வருவதைப் பார்த்தேன். கரண்ட் போய்விட்டது. விடிகாலையில் இருந்தே சாரல், கூடவே காற்று. தெருமுனையில் ஒரு தென்னைமட்டை கம்பிமேல் விழுந்து, கம்பி தாழ்ந்து தொங்குவதாகக் கொழுந்தன் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். போன் போட்டுச் சொன்னோம். பெருநாள் அன்றைக்கு மனிதர்கள் வந்து சேர நேரமாகும் என்பதும் தெரியும்.

கரண்ட் போனதும் அடுக்களை இருட்டாகிவிட்டது. எங்கள் அடுக்களைக்கு ஒரே ஒரு சின்ன ஜன்னல், அதற்கு வெளியே ஒரு பலாமரம். அந்த இருட்டைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதற்குப் பின்னால் வேலை இருக்கிறது.

ஒன்பதரைக்குச் சாம்பார் கொதி வரும் நேரத்தில் கேஸ் அடுப்பின் தீ மஞ்சளாகி, குனிந்து, 'புஸ்' என்று அணைந்தது. அதற்கும் நான் பதறவில்லை. மாடிப்படிக்கு அடியில் ஒரு சிலிண்டர் எடுத்து வைத்திருக்கிறேனே! இவரைக் கூப்பிட்டேன். போய் ஒற்றைக்கையால் தூக்கிக்கொண்டு வந்தார். நிறைந்த சிலிண்டர் முப்பது கிலோ இருக்கும், இவர் ஒற்றைக்கையால் தூக்குகிற ஆள் கிடையாது. அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆடி மாதம் சொந்தத்தில் ஒரு வீட்டு விசேஷத்துக்குக் கொடுத்து, திரும்பி வந்ததை அப்படியே உள்ளே தள்ளிவைத்தது நான்தான். புக் பண்ணவேண்டும் என்று நினைத்ததும் நான்தான். நினைத்ததோடு சரி.

மாமிக்கு எழுபத்தாறு வயது, முட்டு வலி, தரையில் உட்கார முடியாது. பிளாஸ்டிக் நாற்காலியைப் பின்பக்கச் சாய்ப்புக்கு இழுத்துப் போடச் சொல்லி அதில் வந்து உட்கார்ந்தார். "தீ உண்டு, தேங்கா உண்டு, வெள்ளம் உண்டு. பின்ன என்ன? பதறாத மக்ளே."

சாய்ப்பில் இரண்டு விறகடுப்பு இருக்கிறது, குளிக்க வெந்நீர் போடவும் மரச்சீனி அவிக்கவும் மட்டும்தான் இப்போது. விறகும் இருந்தது. ஆனால் ரப்பர் விறகு, அதுவும் சாரலில் நனைந்தது. எங்கள் பக்கம் ரப்பர் விறகுக்குப் பஞ்சமே கிடையாது. காய்ந்திருந்தால் நன்றாக எரியும், ஈரமாக இருந்தால் புகையும் ஒரு மாதிரி மணமும் வந்து வீட்டையே அடைத்துக்கொள்ளும். கொதும்பு என்கிற காய்ந்த தென்னம்பாளையும் காய்ந்த ஓலையும் பொறுக்கிக்கொண்டு வரச் சின்னவர்களை அனுப்பினோம். தீ பிடிக்கக் கொதும்பு நல்லது, 'படபட' என்று எரிந்து பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். கதம்பல், அதாவது தேங்காய் மட்டை, முனகிக்கொண்டே கிடக்கும், ஆக்கியதைச் சூடாக வைக்க அதுதான். நின்று எரிய வேண்டுமென்றால் சிரட்டை. பன்னிரண்டு தேங்காய்க்கு இருபத்துநான்கு சிரட்டை காலையிலேயே வீட்டில் இருந்தது! பாயசத்துக்கு என்று அதைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னார் மாமி. சாம்பாருக்கு ரப்பர்தான்.

அம்மி கிணற்றடிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அதைக் கடைசியாக நான் ஒழுங்காக உபயோகித்தது 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் அடித்த சமயம். வாழையும் ரப்பரும் மின்கம்பங்களும் சாய்ந்து கிடக்க, நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் எல்லா வீட்டிலும் அம்மிச் சத்தம் கேட்டது. அப்போதே அது வழுக்கைதான். அம்மியைக் கொத்தி விடவேண்டும், உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்திச் சொரசொரப்பு ஏற்றினால்தான் தேங்காய் பிடித்து அரையும். "அம்மி கொத்தணுமா" என்று தெருவில் கூவிக்கொண்டு போன குரல்களைக் கேட்டே வருஷக்கணக்காகிறது. கொத்தாத அம்மியில் குழவி சும்மா வழுக்கிக்கொண்டு போகும், தேங்காய் ஓரத்தில் ஒதுங்கி நின்று பார்க்கும்.

அவியல் அரைப்பு மட்டும் பத்து நிமிஷத்தில் முடிந்தது. உண்மையைச் சொன்னால் அவியலுக்கு மிக்ஸியைவிட அம்மிதான் சரி. மிக்ஸி இரண்டு சுற்று கூடிவிட்டால் மாவாகிவிடும், அப்புறம் அவியல் ஒட்டிக்கொண்டு களிபோல் ஆகும். துவரனுக்கும் அப்படித்தான், நான்கு இழுப்பு போதும். தீயல்தான் பாடு. நானும் கொழுந்தன் பெண்டாட்டியும் மாற்றி மாற்றி அரைத்தோம். அவள் கோயம்புத்தூர்க்காரி. "அக்கா, இது எப்பத்தான் நைஸாகும்ங்க்கா?" என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் கேட்டாள். தீயலை விட்டுவிடலாமா, ஓணத்துக்குத் தீயல் கட்டாயமா என்ன, என்று நான் மெதுவாக எடுத்துவிட்டேன். மாமி பதில் சொல்லவில்லை. "கொஞ்சங் கொஞ்சமா வச்சு அரைங்க, ஒரேயடியா அள்ளி வைக்காதிய" என்று மட்டும் சொன்னார். மிக்ஸி பாதி அரைத்துக் கொடுத்ததை முழுசாக்கவே முக்கால் மணி நேரம்.

அந்த நேரம் பார்த்து நாத்தனார் மகன் வந்தான், கல்லூரியில் இரண்டாம் வருஷம். அம்மி, மஞ்சள் கை, பின்னால் புகை, எல்லாம் சேர்ந்து படத்துக்கு நன்றாக இருந்திருக்கும்போல. நான்கைந்து படம் எடுத்து ஸ்டேட்டஸ் போட்டான். 'பாரம்பரியம்' என்று மேலே ஒரு வார்த்தை. நான் எழுந்து குழவியை அவன் கையில் கொடுத்தேன்.

"மாமி, நானா?"

"நீதான்."

ஏழு நிமிஷம் அரைத்தான். தோள் பிடித்துக்கொண்டது என்று எழுந்து போனான். அந்தக் காலத்துச் சாப்பாட்டு ருசியே தனி என்று பேசுகிறவர்களை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். அவர்களில் அரைத்தவர் ஒருவரும் கிடையாது. மாமி அப்படி ஒருநாளும் பேசியதில்லை. எங்கள் வீட்டுக்கு முதல் மிக்ஸி வந்த அன்று அவர் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்தாராம், இவர் சொல்லியிருக்கிறார்.

பால் பிழிவதை ஆண்கள் எடுத்துக்கொண்டார்கள், எடுத்துக்கொள்ளும்படி ஆனது என்று சொல்லலாம். திருவின தேங்காயை உரலில் போட்டு இவர் உலக்கையால் இடிக்க, கொழுந்தன் துவர்த்துத் துண்டில் அள்ளி முறுக்கிப் பிழிந்தார். முதல் பால் தண்ணீர் தொட்டும் தொடாமலும், அடுத்ததுக்கு வெந்நீர் விட்டு, மூன்றாவதுக்கு இன்னும் தாராளமாக. உலக்கை விழும்போதெல்லாம் தேங்காய் தெறித்து இவர் சட்டையில் ஒட்டியது. பத்மநாபபுரம் அரண்மனை எங்களுக்குக் கிட்டத்தில்தான் இருக்கிறது, அங்கே ஊட்டுப்புரையில் ஒரு மாடிக்கு ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று சொல்லுவார்கள். "ஆயிரம் பேருக்குப் பால் பிழிஞ்சவனுக்கு ராஜா என்ன குடுத்திருப்பாரு?" என்று கொழுந்தன் கேட்டார். "முட்டு வலி" என்றார் மாமி.

ஓலன் எப்படிக் கெட்டது என்று சொல்கிறேன். தடியங்காய் என்கிற வெண்பூசணியும் பெரும்பயறும் வெந்து, இரண்டாம் பால் விட்டு இறக்கி, இருட்டு அடுக்களையில் மூடி வைத்திருந்தேன். நான் உப்புப் போட்டுவிட்டேன். நாத்தனார் உள்ளே வந்து, "மைனி உப்புப் போட்டாளோ என்னவோ" என்று நினைத்துத் தானும் போட்டாள். இரண்டுமே கல்லுப்பு, அது கரைய நேரம் பிடிக்கும், அதனால் உடனே ருசி பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கோயம்புத்தூர்க்காரி ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. பால் ஊற்றிச் சரிசெய்யலாம் என்றால் மீதிப்பால் முழுக்கப் பிரதமனுக்கு உள்ளது. உருளைக்கிழங்கு போட்டால் உப்பை இழுக்கும் என்பது எனக்கு ஒருதரமும் பலித்ததில்லை. ஓலனை மூடி, பரணுக்குக் கீழே ஒதுக்கி வைத்தோம்.

பிரதமன்தான் நான் பயந்த இடம். அடையை வேகவைத்து, கழுவி வடித்து, சர்க்கரைப் பாகில், அதாவது வெல்லப்பாகில், புரட்டி, மூன்றாம் பாலை விட்டுக் கொதிக்கவிட்டு, வற்றியதும் இரண்டாம் பால், அதுவும் குறுகியதும் தீயை இழுத்துவிட்டு முதல் பால். முதல் பால் விட்டபின் கொதிக்கக் கூடாது, கொதித்தால் திரிந்துவிடும், எண்ணெய் ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம். கேஸ் அடுப்பு என்றால் ஒரு திருகு, முடிந்தது. சிரட்டைக் கனலை எந்தத் திருகால் குறைப்பது? மாமி நாற்காலியில் முன்னால் குனிந்து உட்கார்ந்து, உருளியையே பார்த்துக்கொண்டு, "இழு... இழு... அந்தப் பக்கத்த இழு... போதும். விடு" என்றார். நான் தீக்கங்கை வெளியே இழுத்துப் போட்டேன், கொழுந்தன் முதல் பாலை ஊற்றினார். ஓரத்தில் ஒரு குமிழி வந்தது. எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அடங்கிவிட்டது. சுக்கும் ஜீரகமும் பொடித்துப் போட்டு மூடினேன். அடுத்த ஐந்து நிமிஷம் யாரிடமும் பேசவில்லை.

ஒன்றே முக்காலுக்கு இலை போட்டோம். அப்போதும் எரிசேரிக்கு மேலே போடத் தேங்காய் வறுபட்டுக்கொண்டிருந்தது, ரசம் கொதிக்கவில்லை. இந்த விருந்தை ஒழுங்குபடுத்தியவர் யாராக இருந்தாலும் அடுக்களையில் நின்றவராகத்தான் இருக்கவேண்டும். எல்லாம் ஒரே நேரத்தில் தயாராக இருக்கவேண்டியதில்லை. முதலில் பருப்பு, நெய், பப்படம். அது முடிய ஒரு பத்து நிமிஷம். அப்புறம் சாம்பார். அதற்கப்புறம் பாயசம், அதில் பப்படத்தை நொறுக்கி, மட்டிப்பழத்தைப் பிசைந்து, வழித்துச் சாப்பிட்டு முடிக்க இன்னொரு கால் மணி. பிறகுதான் திரும்பவும் சோறு போட்டுப் புளிசேரி, ரசம், மோர். முன்னறையில் அவர்கள் சாம்பாரில் இருக்கும்போது பின்னால் எங்கள் ரசம் நுரைகட்டிக்கொண்டிருந்தது. யாருக்கும் தெரியாது.

சாம்பார் தெரிந்துவிட்டது. சின்ன மாமா ஒரு வாய் வைத்துவிட்டு, "சாம்பாருக்கு ரப்பர் மணம் அடிக்கு" என்றார். அடித்தது, மறுப்பதற்கில்லை. விறகடுப்பில் வைத்தால் எல்லாமே ருசி என்று யாராவது சொன்னால் அந்தச் சாம்பாரில் ஒரு கரண்டி கொடுக்கலாம். டீச்சர் மட்டும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள், அவர்கள் மிக்ஸி இன்னும் எங்கள் வீட்டில் இருந்தது. தீயல் விளம்பிய ஐந்தாவது நிமிஷம் பாத்திரம் காலி. நாத்தனார் மகன் மூன்று தரம் கேட்டு வாங்கினான், நான் அரைத்ததாக்கும் என்று தங்கச்சியிடம் சொல்லிக்கொண்டே.

பெண்கள் உட்கார்ந்தபோது மூன்றே கால். எங்களுக்கு இவரும் கொழுந்தனும் விளம்பினார்கள். எரிசேரியை இலையின் கீழ்ப்பக்கம் விளம்பி, சோற்றை அதன்மேல் கொட்டி, "இதுல என்ன இருக்கு, எல்லாம் உள்ளதானே போகும்" என்றார் இவர். சரி, பசியில் யார் சண்டை போடுவது?

நான்கு மணி தாண்டிக் கரண்ட் வந்தது. நனைந்த சட்டையோடு கம்பத்தில் இருந்து இறங்கிய இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பாயசம் கொடுத்தோம். உள்ளே எல்லா லைட்டும், டிவியும், மின்விசிறியும் ஒரே நேரத்தில் கிளம்ப, கிணற்றடியில் இருந்து 'ம்ம்ம்' என்று மோட்டார் முனகத் தொடங்கியது. சுவிட்சை அணைக்காமலே விட்டிருக்கிறார்கள். இவர் ஓடினார்.

மறுநாள் அவிட்டம். மிக்ஸியைத் தக்கலைக்குக் கொண்டுபோனால் காயில் போய்விட்டது, கட்டுகிற காசுக்குக் கொஞ்சம் மேலே போட்டால் புதுசே வாங்கலாம் என்றார்கள். வீட்டில் எப்போதும்போலப் பழங்கறி. மிஞ்சிய அவியல், எரிசேரி, துவரன், சாம்பார் எல்லாவற்றையும் ஒரே மண்சட்டியில் கொட்டி, சுண்டச் சுண்ட வற்றவைப்பது. ஓணச் சாப்பாட்டைவிட இதற்காகவே ஒருநாள் கூடுதலாகத் தங்குகிற ஆட்கள் எங்கள் வீட்டில் உண்டு. பரணுக்குக் கீழே இருந்த ஓலன் எனக்கு மறந்தே போயிருந்தது. மாமிதான் நினைவுபடுத்தி எடுத்துவரச் சொல்லி, அதையும் சட்டியில் கவிழ்த்தார். சுண்டி வந்ததும் நான் பழக்கத்தில் உப்புப் பரணியைத் திறந்தேன்.

"அத மூடி வை மக்ளே" என்றார்.